ஏலம் தேடும்போது எதையெல்லாம் தள்ள வேண்டும்?

(இணையவழி ஏலத்தில் வீடு, மனை தேடும் பொதுமக்களுக்காக மாவட்ட மைய நூலகம் ஒன்றில் நடைபெற்ற விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அரங்கில் இருக்கும் உங்களுக்கும், பிறகு இதை இதழில் படிக்கப் போகிற உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. உங்கள் கைப்பேசியை எடுத்து, தேடல் பெட்டியில் ‘தேனி மின்னணு ஏலம்’ என்று அடித்துப் பாருங்கள். நீங்கள் தேடுவது வங்கி ஏலத்துக்கு வந்த ஒரு வீடு. ஆனால் முன்னால் வந்து நிற்பது போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலமாக இருக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் அங்கே ஏலக்காய் விற்பனையாகிறது. வெறுமனே ‘ஏலம்’ என்று போட்டால் கிரிக்கெட் வீரர்களின் ஏலம் வரும். ‘வங்கி ஏலம்’ என்று போட்டால் நகை ஏலம் வரும், பறிமுதல் செய்த கார், லாரி வரும். பத்து பக்கம் தள்ளிய பிறகும் நமக்கு வேண்டிய வீடு கண்ணில் படாது.

இது வெறும் நேர விரயம் என்றால் நான் இவ்வளவு தூரம் வந்து பேச வேண்டியதில்லை. தேவையற்ற பட்டியல்களைத் தள்ளத் தெரியாமல், தள்ளியிருக்க வேண்டிய ஒரு வீட்டுக்கு ஏலம் கேட்டு, என் சித்தப்பா மகன் ஆறு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயை இழந்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நம் வீட்டில் அரிசியை எப்படிச் சுத்தம் செய்வார்கள்? முதலில் சலிப்பார்கள், பிறகு முறத்தில் போட்டுப் புடைப்பார்கள், கடைசியில் உட்கார்ந்து கல் பொறுக்குவார்கள். ஏலத் தேடலுக்கும் இந்த மூன்று வேலையும் உண்டு. நம்மில் பலர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறோம். பல்லை உடைக்கிற கல் மூன்றாவது வேலையில்தான் அகப்படும்.

எந்த ஏலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டவில்லை என்றால், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அந்தச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு அதிகாரம் தருவது 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். கடனாளிக்கு முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு சொத்தைச் சுவாதீனம் எடுப்பார்கள். அடுத்து ஏல அறிவிப்பு வரும். முதல்முறை ஏலம் விடும்போது, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் ஏலம் நடத்த முடியும். அந்த ஏலம் நடக்காமல் போய் மறுபடி விடும்போது 15 நாள் அறிவிப்பு போதும். இந்த 30 நாளும் 15 நாளும் நமக்கு மிக முக்கியம். சலிக்க, புடைக்க, கல் பொறுக்க நமக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான்.

இந்த அறிவிப்புகள் எங்கே கிடைக்கும்? பொதுத்துறை வங்கிகள் 12-க்கும் பொதுவாக ‘பேங்க்நெட்’ என்ற தளம் இருக்கிறது. மத்திய நிதிச் சேவைகள் துறை 2025 ஜனவரி 3 அன்று தொடங்கிவைத்தது. முன்பு ‘இ-பிக்ரய்’ என்ற பெயரில் இருந்ததன் புதுப்பித்த வடிவம் இது. குடியிருப்பு, மனை, கடை, தொழிற்கூடம், விளைநிலம், வண்டி, இயந்திரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வரும். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்கள் சொந்தத் தளங்களிலோ, ஏலம் நடத்தித் தரும் நிறுவனங்களின் தளங்களிலோ வெளியிடும். செய்தித்தாளிலும் அறிவிப்பு வர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்பது விதி. இவை தவிர, எல்லா வங்கிகளின் அறிவிப்புகளையும் திரட்டிப் போடுகிற தனியார் தளங்கள் உண்டு. அவற்றில் முடிந்துபோன ஏலங்களும் கலந்தே கிடக்கும். தேடித் தெரிந்துகொள்ள அவை உதவலாம். முடிவெடுக்க வங்கியின் மூல அறிவிப்புதான் ஆதாரம்.

முதல் வேலை: சலிப்பது

பொதுத் தேடல் பொறியில் தேடுகிறவர்களுக்கு ஒரு எளிய வழி, கழித்தல் குறி. வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறியைப் போட்டால், அந்தச் சொல் இருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் விலகிவிடும். இப்படி அடித்துப் பாருங்கள்: வங்கி ஏலம் வீடு தேனி -ஏலக்காய் -நகை -வாகனம். குறிக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடக்கூடாது. குறிக்கு முன்னால் இடைவெளி இருக்க வேண்டும். இடம் மாறிப்போனால் பலன் இல்லை. இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டும் என்றால், அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஊர்ப் பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் இது கைகொடுக்கும்.

ஆனால் கழித்தல் குறி ஒரு மழுங்கிய கத்தி. எதை வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்டணும். கடை வேண்டாம் என்று ‘-கடை’ போட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கடை வீதி’ என்ற முகவரியில் இருக்கிற நல்ல வீடும் சேர்ந்து போய்விடும். அதனால் ஒரே தடவையில் ஐந்தாறு சொல்லைக் கழிக்காதீர்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்து, என்ன மறைகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

அடுத்து, ஏலத் தளங்களுக்குள்ளேயே இருக்கிற வடிகட்டிகள். மாநிலம், மாவட்டம், சொத்து வகை, விலை, வங்கி, ஏல நாள் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். இதில் நம் மாநிலத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் புதிதாக வந்தன. 2020-இல் மயிலாடுதுறை வந்தது. ஆனால் வங்கியில் இருக்கிற அடமானப் பத்திரம் பத்து வருடம் பழையதாக இருக்கும். அதில் தென்காசி வீட்டுக்குத் திருநெல்வேலி மாவட்டம் என்றே எழுதியிருக்கும். பட்டியலில் ஏற்றுகிறவர் பத்திரத்தைப் பார்த்து அப்படியே ஏற்றிவிடுவார். நீங்கள் ‘தென்காசி’ என்று மட்டும் வடிகட்டினால் உங்கள் தெருவில் இருக்கிற வீடே உங்களுக்குத் தெரியாது. ஆகவே புதிய மாவட்டத்தில் தேடுகிறவர்கள் பழைய தாய் மாவட்டத்திலும் ஒருமுறை தேட வேண்டும். மயிலாடுதுறைக்காரர்கள் நாகப்பட்டினத்திலும், செங்கல்பட்டுக்காரர்கள் காஞ்சிபுரத்திலும் பாருங்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. திருப்பத்தூர் என்று வேலூர்ப் பக்கம் ஒன்று, சிவகங்கைப் பக்கம் ஒன்று. தூத்துக்குடியை ஒருவர் டூட்டிகோரின் என்பார், திருச்சியை ஒருவர் ட்ரிச்சி என்பார், இன்னொருவர் திருச்சிராப்பள்ளி என்று முழுசாக எழுதுவார். அதையும் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத்துக் கூட்டுவார்கள். இதற்கு நல்ல மருந்து அஞ்சல் குறியீட்டு எண். ஆறு இலக்கத்தில் எழுத்துப் பிழைக்கு வாய்ப்பு குறைவு. ஊர்ப் பெயரில் தேடிவிட்டு, அஞ்சல் எண்ணிலும் ஒருமுறை தேடுங்கள்.

விலை வடிகட்டியில் ஒரு தவறு எல்லோரும் செய்கிறோம். கையில் 30 லட்சம் இருந்தால் மேல் வரம்பு 30 லட்சம் என்று வைக்கிறோம். பட்டியலில் காட்டுவது ‘ரிசர்வ் விலை’, அதாவது கேட்பு தொடங்குகிற குறைந்தபட்ச விலை. ஏலம் அதற்கு மேலேதான் போகும். பதிவுச் செலவு, பழுதுபார்ப்பு, பாக்கி வரி என்று வேறு இருக்கிறது. 30 லட்சம் வைத்திருப்பவர் மேல் வரம்பை 23, 24 லட்சத்தில் வைப்பது நல்லது. கீழ் வரம்பும் வையுங்கள். அதை வைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் முதல் பழைய இயந்திரம் வரை எல்லாம் வந்து குவியும்.

ஏல நாளுக்கும் வரம்பு வையுங்கள். இன்றிலிருந்து குறைந்தது பத்து நாள் தள்ளி நடக்கிற ஏலங்களை மட்டும் எடுங்கள். நாளை மறுநாள் ஏலம் என்றால், சொத்தைப் பார்க்கவோ ஆவணம் பார்க்கவோ நேரம் இருக்காது. மலிவாகத் தெரிந்தாலும் தள்ளுங்கள். அவசரத்தில் வாங்கிய வீடு நிம்மதியாகக் குடியிருக்க விடாது.

இரண்டாவது வேலை: புடைப்பது

சலித்த பிறகு உங்கள் கையில் பதினைந்து, இருபது பட்டியல் நிற்கும். இனி வடிகட்டிப் பொத்தான் உதவாது. ஒவ்வொன்றின் ஏல அறிவிப்பையும் தரவிறக்கி, கையில் பேனாவோடு படிக்க வேண்டும். மூன்று சொற்களைத் தேடி வட்டம் போடுங்கள்.

முதல் சொல் ‘சுவாதீனம்’. ஆங்கில அறிவிப்பில் ‘பொசஷன்’ என்று இருக்கும். அது இரண்டு வகை. ‘பிசிக்கல்’ என்றால் நேரடி சுவாதீனம். வீடு காலியாகி, சாவி வங்கியின் கையில் இருக்கிறது. ‘சிம்பாலிக்’ என்றால் அடையாள சுவாதீனம். கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே கடனாளியின் குடும்பமோ வாடகைக்காரரோ குடியிருப்பார்கள். அவர்களைக் காலி செய்ய வங்கி, சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போட வேண்டும். உத்தரவு பிறப்பிக்க 30 நாள், மிஞ்சினால் 60 நாள் என்று சட்டத்தில் வரம்பு இருக்கிறது. உத்தரவு வந்து, வீடு காலியாகி, சாவி உங்கள் கைக்கு வருவதற்குள் எத்தனை மாதம் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

என் சித்தப்பா மகன் சிக்கியது இங்கேதான். தளத்தில் விலை வாரியாக வரிசைப்படுத்தி, மலிவாக மேலே நின்ற வீட்டை எடுத்தான். ரிசர்வ் விலை 24 லட்சம். முன்வைப்புத் தொகை 10 விழுக்காடு, 2 லட்சத்து 40 ஆயிரம். போட்டிக்கு ஆளே இல்லை; 24 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஏலம் அவன் பெயரில் முடிந்தது. எங்கள் வீட்டில் இனிப்புகூடக் கொடுத்தான். விதிப்படி, ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ மொத்த விலையில் 25 விழுக்காட்டை எட்ட வேண்டும். மேலும் 3 லட்சத்து 70 ஆயிரம் கட்டினான். ஆக 6 லட்சத்து 10 ஆயிரம். மீதி 18 லட்சத்து 30 ஆயிரத்தை, விற்பனை உறுதியான 15 நாளுக்குள் கட்ட வேண்டும்.

அவன் வீட்டுக்கடனை நம்பியிருந்தான். கடன் கேட்டுப் போன இடத்தில் அறிவிப்பை வாங்கிப் பார்த்த அலுவலர், “சார், இது சிம்பாலிக். ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு நாங்க கடன் கொடுக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு இடம் அலைந்தான். அதற்குள் 15 நாள் ஓடிவிட்டது. கூடுதல் அவகாசம் கேட்டால், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு அதிகபட்சம் மூன்று மாதம் வரை தர விதியில் இடம் உண்டு. ஆனால் தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. இவனுக்குக் கிடைக்கவில்லை. கட்டியது முழுக்கப் போனது.

“பாதியாவது திரும்ப வாங்க முடியாதா அண்ணே?” என்று என்னிடம் கேட்டான். 25 விழுக்காட்டையும் பறிமுதல் செய்வது சட்டப்படி செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போன வழக்கு அது. கஷ்டம் என்று காரணம் சொல்லித் திரும்பக் கேட்க முடியாது. அறிவிப்பின் முதல் பக்கத்தில் அந்த ஒரே ஒரு சொல் இருந்தது. அவன் படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். கடன் வாங்கி வாங்குகிறவர்கள், குடியேறுவதற்காக வாங்குகிறவர்கள் ‘சிம்பாலிக்’ என்று இருக்கிற பட்டியலை யோசிக்காமல் தள்ளுங்கள். முழுப் பணமும் கையில் இருக்கிறது, ஓரிரு வருடம் பொறுக்கவும் முடியும் என்பவர்கள் மட்டும் அதைத் தொடலாம். கடன் வேண்டும் என்றால், ஏலத்துக்கு முன்பே கடன் தருபவரிடம் அறிவிப்பைக் காட்டி, இந்தச் சொத்துக்குத் தருவீர்களா, எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேட்டு வையுங்கள்.

வட்டம் போட வேண்டிய இரண்டாவது சொல் ‘பிரிபடாத பாகம்’. அடுக்குமாடி வீட்டுக்கு நிலத்தில் பிரிபடாத பாகம் இருப்பது இயல்பு; அதில் பயமில்லை. ஆனால் தனி வீட்டிலோ காலி மனையிலோ ‘பிரிபடாத பாதிப் பாகம்’, ‘மூன்றில் ஒரு பாகம்’ என்று இருந்தால் கவனிக்க வேண்டும். நீங்கள் வாங்குவது அண்ணன் தம்பிகளோடு சேர்ந்த ஒரு பங்கு. பாகப் பிரிவினை வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். தள்ளிவிடலாம்.

மூன்றாவது, ‘உள்ளது உள்ளபடியே’ என்ற வாசகம். இது எல்லா அறிவிப்பிலும் இருக்கும், அதனால் இதை வைத்துத் தள்ள முடியாது. ஆனால் அதன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். சொத்துவரி, குடிநீர் வரி, குடியிருப்போர் சங்கப் பராமரிப்பு, மின்கட்டணம் என்று எந்தப் பாக்கி இருந்தாலும் அது உங்கள் தலையில் விழலாம். பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியை, விதிமுறைகள் இடம் கொடுத்தால், ஏலத்தில் வாங்கியவரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டில் சின்னக் கடையோ பட்டறையோ நடந்திருந்தால் இந்தப் பாக்கி பெரிதாக இருக்கும். மின் இணைப்பு எண்ணைக் குறித்துவந்து, மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே வீடு மூன்று, நான்கு முறை ஏலத்துக்கு வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ரிசர்வ் விலை இறங்கியிருக்கும். அது நல்ல வாய்ப்பாகவும் இருக்கலாம். முதலில் விலை அதிகமாக வைத்திருப்பார்கள். அல்லது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வில்லங்கத்தால் யாரும் கிட்டே வராமலும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நேரில் போவது. பார்வையிடும் நாளும், வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் தொலைபேசி எண்ணும் அறிவிப்பிலேயே இருக்கும். அவரிடம் பேசிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டிலும் தெருமுனை டீக்கடையிலும் விசாரியுங்கள். உள்ளே ஒரு குடும்பம் இருந்தால் அவர்களிடம் பக்குவமாக நடந்துகொள்ளுங்கள். நமக்கு அது ஒரு பட்டியல் எண். அவர்களுக்கு அது கைவிட்டுப் போகிற வீடு.

மூன்றாவது வேலை: கல் பொறுக்குவது

இப்போது மூன்று, நான்கு வீடுதான் மிஞ்சியிருக்கும். அறிவிப்பில் எழுதாததை அரசுப் பதிவேடுகளில் தேட வேண்டும். இதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்யலாம். இணையம் கைவராதவர்கள் பக்கத்து இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

வில்லங்கச் சான்று: பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். வங்கியின் அடமானம் இருக்கும், அது தெரிந்ததுதான். அதற்கு முன்னால் வேறு யாருக்காவது அடமானம் இருக்கிறதா, நீதிமன்ற ஜப்தி இருக்கிறதா, ஒரு பகுதியை ஏற்கெனவே விற்றுவிட்டார்களா என்று பாருங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். இங்கேயும் எல்லை மாறிய கதை உண்டு. கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்திலும் தேட வேண்டியிருக்கும்.

பட்டா, சிட்டா: வருவாய்த்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அறிவிப்பில் இருக்கிற சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா? ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்ற கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறிவிப்பில் 5 சென்ட், பட்டாவில் நாலே கால் சென்ட் என்று இருந்தால் அந்த முக்கால் சென்ட் எங்கே போனது என்று கேட்க வேண்டும். புல வரைபடத்தில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ப்புறம் என்றால் நகர நிலஅளவைப் பதிவேடு.

சிட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விளைநிலத்தின் மீது சர்பாசி சட்டம் செல்லாது. 31-ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. உண்மையில் பயிர் வைக்கிற நிலமா, பதிவேட்டில் மட்டும் அப்படி இருக்கிறதா என்பதை வைத்துக் கடனாளி வழக்குப் போட இடம் உண்டு. இப்படிப்பட்ட பட்டியலை வழக்கறிஞரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மனை அங்கீகாரம்: காலி மனை என்றால் அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா, அல்லது 2017-இல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்த மனையா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் வீடு கட்ட அனுமதி வாங்குவது சிக்கல்.

வழக்கு: வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடனாளி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரையில் இவை இருக்கின்றன. தீர்ப்பாயங்களின் இணையதளத்தில் தரப்பினர் பெயரைக் கொடுத்து வழக்கு நிலையைத் தேடலாம். அறிவிப்பில் கடனாளியின் பெயர் இருக்கிறதே, அதைப் போட்டுத் தேடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடமும் “வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கா?” என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

கடைசியாக வழிகாட்டி மதிப்பு. பதிவுத்துறை தளத்திலேயே தெரு வாரியாகப் பார்க்கலாம். ரிசர்வ் விலை உண்மையிலேயே மலிவா, மலிவு மாதிரி தெரிகிறதா என்று ஓரளவு புரியும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 விழுக்காடு வருமான வரி பிடித்தம் செய்து கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பட்டியலே பொய்யாக இருந்தால்?

இவ்வளவு நேரம் உண்மையான பட்டியல்களைப் பற்றிப் பேசினேன். முழுப் பொய்யான பட்டியல்களும் உலவுகின்றன. வங்கியின் சின்னத்தைப் போட்டு, நல்ல வீட்டின் படத்தைப் போட்டு, ‘பாதி விலை, இன்றே கடைசி நாள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும். முன்பணத்தை யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு யுபிஐ-யில் அனுப்பச் சொல்வார்கள். எந்த வங்கியும் முன்வைப்புத் தொகையைத் தனிநபர் கணக்கில் வாங்காது. அது ஏலத் தளத்தில் உங்கள் பெயரில் இருக்கிற பணப்பைக்கோ, அறிவிப்பில் அச்சிட்டிருக்கிற வங்கிக் கணக்குக்கோதான் போக வேண்டும்.

செய்தியில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். ஏலத் தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய், அதே சொத்து அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேட்பது இன்னும் நல்லது. “ஏலத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சுத் தர்றேன், கொஞ்சம் முன்பணம் போதும்” என்று சொல்கிற தரகரையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அடுத்த நிமிடம் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு பக்கம். அதில் இந்த ஒன்பது கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

1. இது வங்கியின் சொந்த அறிவிப்புதானா, எங்கே சரிபார்த்தேன்?
2. ஏல நாளுக்கு இன்னும் பத்து நாளாவது இருக்கிறதா?
3. சுவாதீனம் நேரடியா, அடையாளமா?
4. முழுச் சொத்தா, பாகமா?
5. அடுத்த வேலை நாளுக்குள் 25 விழுக்காடும், 15 நாளில் மீதியும் எங்கிருந்து வரும்?
6. வில்லங்கச் சான்று, பட்டா, பரப்பு ஒத்துப்போகிறதா?
7. விளைநிலமா? மனை என்றால் அங்கீகாரம் உண்டா?
8. வழக்கு உண்டா?
9. வரி, மின்கட்டண பாக்கி எவ்வளவு?

எந்தக் கேள்விக்குப் பதில் இல்லையோ, அந்தப் பக்கத்தில் அன்றைக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். இருபது பக்கத்தில் பத்தொன்பது அடிபட்டால் வருத்தப்பட வேண்டாம். அந்தப் பத்தொன்பதிலும் உங்கள் பணம் மிச்சமாகியிருக்கிறது.

என் தம்பி இப்போது அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறான். இழந்த பணம் திரும்பி வரவில்லை. ஆனால் போன மாதம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். “அண்ணே, விலை நல்லாத்தான் இருக்கு. ஆனா பட்டாவுல முக்கால் சென்ட் குறையுது. கோடு போட்டுட்டேன்” என்றான். குரலில் வருத்தமே இல்லை.

உங்களுக்கும் நல்ல வீடு அமையட்டும்.